தண்ணீருக்கும் தார்ச்சாலைக்கும் ஒரே கண்ணாடி: போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வாங்குவதற்கு முன்

அவிநாசியில் குடியிருந்துகொண்டு பெருந்துறை சிப்காட்டுக்கு நாள்தோறும் காரில் போய்வருபவரும், ஞாயிற்றுக்கிழமைகளில் பவானி, கொடுமுடிப் பக்கம் காவிரிக்கரையில் தூண்டில் போடுபவருமான அன்பர் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் எழுநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? மீன்பிடிக்கவும் வண்டி ஓட்டவும் ஒரே கண்ணாடி போதுமா? எந்த நிறத்தில் வாங்குவது? ஈரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் ஏற்றும் வேலையைச் செய்துவருபவன் என்ற முறையிலும், அதே காவிரியில் தூண்டிலோடு உட்காருபவன் என்ற முறையிலும் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உங்கள் தேவைக்கு ஒரே கண்ணாடி போதும்: பழுப்பு அல்லது செம்பு நிறம், மூன்றாம் வகைக் கருமை (வகைகளைப் பின்னால் விளக்குகிறேன்), பாலிகார்பனேட் அல்லது நைலான் லென்ஸ், முகத்தை ஒட்டி வளைந்த ஃபிரேம். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற இடமுண்டு, ஏனென்றால் இந்த நான்கும் எழுநூறு ரூபாய்க் கண்ணாடியின் அட்டையிலும் அச்சாகியிருக்கும். அட்டையில் அச்சாகாத ஒன்றில்தான் விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இரண்டு லென்ஸிலும் உள்ள தளவிளைவு (போலரைசேஷன்) அச்சு, அதாவது எந்த வாட்டில் அதிரும் ஒளியை லென்ஸ் தடுக்கும் என்பதைக் குறிக்கும் கோடு, ஒரே மட்டத்தில் கிடக்கிறதா என்பதே அது. அதை விளக்குவதற்கு ஒளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நண்பகலில் காவிரியைப் பார்த்தால் தண்ணீர் தெரிவதில்லை, தண்ணீரின் மேல் விழுந்த வானந்தான் தெரிகிறது. சூரியனிலிருந்து வரும் ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது; தண்ணீர், தார்ச்சாலை, காரின் பானெட் போன்ற படுக்கையான பரப்பில் பட்டுத் திரும்பும்போது, படுக்கைவாட்டில் அதிரும் பகுதியே அதிகமாகத் திரும்புகிறது. இப்படி ஒரே வாட்டில் அதிர்வதைத்தான் தளவிளைவு என்கிறோம்; எதிரொளித்த ஒளிக்கு இந்தக் குணம் இருப்பதை 1808இல் பாரிஸில் மாலுஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் கண்டறிந்தார். மாலை வெயில் ஓர் அரண்மனையின் சன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்புவதைப் படிகமொன்றின் வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரியவந்த செய்தி அது. எந்தக் கோணத்தில் இந்தக் குணம் முழுமையடைகிறது என்பதை 1815இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் புரூஸ்டர் வரையறுத்தார். இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் படலத்தில் அயோடினை ஏற்றி, படுக்கைவாட்டு அதிர்வை விழுங்கவைக்கும் முறையை அமெரிக்கரான எட்வின் லேண்டு 1930களில் உருவாக்கினார். இன்று கடைத்தெருவில் தொங்கும் கண்ணாடி வரை எல்லாவற்றிலும் இருப்பது அந்தப் படலத்தின் வழிவந்ததே.

நம்மூர்க்காரர் ஒருவரையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். காவிரிக்கரைத் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புத்தானா என்று சோதிப்பதற்காக, ஒரு வாட்டில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் படிகமான நிகல் பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்தார். பட்டகம் மேற்பரப்பின் எதிரொளிப்பை நீக்கிவிட்ட பிறகும் நீலம் மறையவில்லை. ஆகவே அந்த நிறம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது என்று முடிவுகட்டினார். தூண்டில்காரர் கரையில் நின்று செய்வதும் அதே வேலைதான், அவர் தேடுவது கெண்டை என்பது மட்டுமே வேறு.

புரூஸ்டர் சொன்ன கோணத்திலிருந்து ஒரு கைக்கணக்குக் கிடைக்கிறது. எளிதாக இருந்தும் இதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. உங்கள் கண் தண்ணீர் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ, அதை 1.33ஆல் பெருக்கினால் வரும் தூரத்தில்தான் கண்ணாடி முழு வேலையைச் செய்யும். தண்ணீரை ஒட்டி நின்று, கண் ஐந்தடி உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய ஆறரை அடி தூரம். மதகின் மேலேறி, கண் பதினைந்தடி உயரத்தில் இருந்தால் இருபதடி தூரம். பரிசலில் உட்கார்ந்து, கண் மூன்றடி உயரத்தில் இருந்தால் நான்கடியோடு சரி. அதைத் தாண்டிப் போகப் போகப் பயன் குறைந்துகொண்டே வரும், நடு ஆற்றில் ஒன்றும் தெரியாது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே காலை நேரத்தில் கரையோரத்தில் மேயும் மீனைப் பார்க்க விரும்பினால், கண்ணாடியை மாற்றுவதற்கு முன் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

கலங்கல் நீரில் இது எதுவும் நடக்காது. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, புதுத் தண்ணீர் செந்நிறமாக இறங்கும் நாட்களில் போலரைஸ்டு கண்ணாடி உங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியைத் தரும், அவ்வளவுதான். வண்டலுக்குள் ஊடுருவிப் பார்க்கும் கண்ணாடி எதுவும் கிடையாது. ஆறு வற்றித் தெளியும் மாதங்களிலும், வாய்க்கால்களில் தண்ணீர் மெதுவாக ஓடும் நாட்களிலும்தான் கொடுத்த காசுக்குப் பலன் தெரியும். விரால் இருக்கும் குளங்களில் இன்னொரு காட்சி கிடைக்கும்: செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சுவிட, அதற்குக் கீழே தாய் விரால் காவலாக நிற்பதைக் கண்ணாடி போட்டவர் தெளிவாகப் பார்க்கலாம். அப்படிப் பார்த்துவிட்டு அந்தத் தாய்மீனின் முன்னால் தூண்டிலை வீசுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். குஞ்சு பிழைக்காது, அடுத்த ஆண்டு அந்தக் குளத்தில் அவருக்கும் மீன் இருக்காது.

பளபளப்பு நீங்கித் தரை தெரியும்போது ஏற்படும் ஆபத்து ஒன்றை, கண்ணாடி விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை என்பதால், இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒளிவிலகலால் தண்ணீரின் ஆழம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் நான்கடி ஆழம் மூன்றடியாகத் தோன்றும், சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே வந்துவிடும். வெறுங்கண்ணோடு இருந்தவரை ஆழம் தெரியாத பயத்திலாவது ஒதுங்கி நின்றோம். கண்ணாடி போட்டதும் மணலும் கூழாங்கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதுபோல் தெரிந்து, இறங்கலாம் என்ற துணிவு வந்துவிடுகிறது. புதிதாக நல்ல கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு போன முதல் வாரத்தில், ஊஞ்சலூருக்குக் கீழே, பாறையில் சிக்கிய தூண்டில் நரம்பை எடுப்பதற்காக இடுப்பளவு என்று கண் சொன்ன இடத்தில் இறங்கி, நெஞ்சளவுத் தண்ணீரில் கால் நிலைகொள்ளாமல் தடுமாறி, பக்கத்திலிருந்தவர் நீட்டிய கழியைப் பிடித்துக் கரையேறினேன். கண் சொல்லும் ஆழத்தோடு மூன்றில் ஒரு பங்கையாவது கூட்டிக்கொள்ள வேண்டும். தெரியாத துறையில் இறங்கவே கூடாது.

இனிச் சாலைக்கு வருவோம். அவிநாசியிலிருந்து பெருந்துறைக்குக் காலையில் போகும்போது சூரியன் எதிரே. மாலையில் திரும்பும்போதும் எதிரே. சேலம், கோவை நெடுஞ்சாலையில் இந்தத் துண்டில் வேலைக்குப் போய்வருகிறவர்களின் தலையெழுத்து இது. இங்கேதான் பலரும் ஏமாற்றமடைகிறார்கள். சூரியனிலிருந்து நேராகக் கண்ணுக்கு வரும் ஒளிக்குத் தளவிளைவு கிடையாது. அதைக் குறைப்பது லென்ஸின் கருமை மட்டுமே. அதே கருமையுள்ள சாதாரண கூலிங் கிளாஸும் போலரைஸ்டு கண்ணாடியும் நேர்வெயிலில் சமமாகவே இருக்கும், காரில் வெயிலை மறைக்கும் மேல்மடிப்பை இறக்கிக்கொள்வதுதான் வழி. கோடைச் சாலையில் தெரியும் கானல்நீரையும் இது அகற்றாது, ஏனென்றால் கானல் என்பது சூடான காற்றில் ஒளி வளைவதால் வருவது; தார்ப்பரப்பின் எதிரொளிப்பு அன்று.

அப்படியானால் சாலையில் என்ன பயன் என்று கேட்கலாம். டேஷ்போர்டில் விரித்த துண்டு, பிள்ளையார், பிளாஸ்டிக் பூ எல்லாம் முன்கண்ணாடியில் நிழலாடிக்கொண்டே வருகின்றனவே, அந்தப் பிரதிபலிப்பு முக்கால்வாசி மறைந்துவிடும். பானெட்டின் மினுக்கம், முன்னால் போகும் காரின் பின்கண்ணாடி அடிக்கும் வெளிச்சம், மழை ஓய்ந்து வெயில் அடிக்கும்போது வெள்ளித் தகடாக மாறும் சாலை ஆகியவை அடங்கி, வெள்ளைக்கோடு தெளிவாகத் தெரியும். மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்குக் கண்சோர்வு குறைவது இதனால்தான். சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் சிலர் ஒருமுறை போட்டுப் பழகிய பிறகு இதை விடுவதே இல்லை.

சில இடைஞ்சல்களும் உண்டு, வாங்கிய பிறகு தெரிந்து திகைப்பதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது. காரின் திரையும் கைப்பேசியும் சில கோணங்களில் இருண்டுபோகும். வழிகாட்டி வரைபடத்துக்காகக் கைப்பேசியை எந்த வாட்டில் மாட்டுகிறீர்களோ, அதே வாட்டில் வைத்துக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். முன்கண்ணாடியில் வேகத்தைக் காட்டும் வசதி உள்ள கார்களில் அந்த எழுத்து மங்கலாகும், சிலவற்றில் மறைந்தே போகும். பக்கத்துக் கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் புள்ளிபுள்ளியாக ஒரு கோலம் தெரியும். அது கண்ணாடியைச் சூடாக்கிக் குளிர்வித்து உறுதிப்படுத்தியபோது உள்ளே தங்கிய இறுக்கத்தின் தடமே, உங்கள் லென்ஸின் குறையன்று. ஹெல்மெட்டின் முகமறைப்பில் வானவில் நிறங்கள் தோன்றுவதும் இப்படித்தான். இரு சக்கர வாகனக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சாலையில் டீசல் சிந்திய இடத்தை நாம் பெரும்பாலும் அதன் மினுக்கத்தை வைத்தே கண்டுகொள்கிறோம், இந்தக் கண்ணாடி அந்த மினுக்கத்தையும் சேர்த்து மறைத்துவிடக்கூடும். வளைவில் சந்தேகம் வந்தால் தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்தால் மினுக்கம் திரும்ப வந்துவிடும்.

இரவில் இதைப் போடவே கூடாது. மஞ்சள் லென்ஸ் மாட்டி, இரவுப் பயணத்துக்கான போலரைஸ்டு கண்ணாடி என்று விற்பதைப் பார்க்கிறேன். தளவிளைவுப் படலம் ஒன்றே வரும் வெளிச்சத்தில் ஏறக்குறையப் பாதியை விழுங்கிவிடும். வெளிச்சம் போதாத இரவில் இருப்பதிலும் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, எதிரே வரும் லாரியின் தளவிளைவு இல்லாத முகப்பு விளக்கைத் தணிக்கிறோம் என்பது பொருந்தாத பேச்சு. மஞ்சள் நிறத்தில் எல்லாம் பளிச்சென்று இருப்பதுபோல் ஓர் உணர்வு வரும், ஓரத்தில் நடந்து போகிறவர் முன்கூட்டித் தெரியமாட்டார்.

கருமையின் அளவை ஐஎஸ்ஓ 12312-1 என்ற தரம் ஐந்து வகையாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகை 18 முதல் 43 விழுக்காடு வரை ஒளியை உள்ளே விடும். மூன்றாம் வகை 8 முதல் 18 வரை. நான்காம் வகை 3 முதல் 8 வரை மட்டுமே. நான்காம் வகையை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது என்று அந்தத் தரமே சொல்கிறது. ஃபிரேமின் காதுக்கம்பியின் உட்புறத்தில் வகை எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் மிகக் கருப்பாகத் தெரிவது நல்லது என்று எண்ணிக் கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர், பிறகு மேகமூட்டம் வந்தவுடன் மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு ஓட்டுவார்கள். கொங்குச் சமவெளியின் வெயிலுக்கு மூன்றாம் வகையே பொருத்தம். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கோ, பண்ணாரியிலிருந்து இருபத்தேழு வளைவு ஏறித் திம்பத்துக்கோ அடிக்கடி போகிறவர் என்றால், வெயிலும் மர நிழலும் மாறி மாறி வரும் அந்தப் பாதையில் மூன்றாம் வகை இருட்டடிக்கும், இரண்டாம் வகையை வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. சாம்பல் நிறம் எல்லா நிறங்களையும் உள்ளபடி காட்டும். கடலில் படகேறுகிறவர்களுக்கும், நெடுஞ்சாலையே கதியாக இருப்பவர்களுக்கும் அது ஏற்றது. பழுப்பும் செம்பும் நீல ஒளியைக் கொஞ்சம் வடிகட்டுவதால், பச்சையும் மண்நிறமும் கலந்த ஆற்று நீரில், குளத்து நீரில் மீனின் முதுகு பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். சாலையிலும் குழி, வேகத்தடை ஆகியவற்றின் விளிம்பு துலக்கமாக இருக்கும். சிக்னல் விளக்கின் சிவப்பு, பச்சை மாறித் தெரியாது. வெளிப்பக்கத்தில் ஏற்றும் நீல, பச்சை முலாம் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைக்கும், மற்றபடி அது அழகுக்குத்தான். அதைவிட, லென்ஸின் உட்புறத்தில் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேட்பது பயனுள்ளது. முதுகுப்பக்கம் வெயில் அடிக்கும்போது உங்கள் கண்ணும் கன்னமும் லென்ஸின் உட்புறத்தில் தெரிந்து தொல்லை கொடுப்பதை அது தடுக்கும்.

தளவிளைவு வேறு, புற ஊதாக் கதிர்த் தடுப்பு வேறு. ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று கொள்ளக் கூடாது. லென்ஸ் கருப்பாக இருந்து புற ஊதாத் தடுப்பு இல்லையென்றால் வெறுங்கண்ணைவிட மோசம். இருட்டில் கண்பாவை விரிந்து, கதிரை மேலும் உள்ளே விட்டுவிடும். வயல் வேலையிலும் ஆற்றிலும் காலங்கழித்தவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதற்கும், கண்புரை முந்தி வருவதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். ‘யுவி 400’ என்று போட்டிருந்தால் 400 நானோமீட்டர் வரையிலான கதிரைத் தடுக்கிறது என்று பொருள், போட்டிருப்பது உண்மையா என்பதை மூக்குக் கண்ணாடிக் கடைகளில் உள்ள சிறு அளவுகருவியில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு வந்தாலும் கேட்டால் பார்த்துச் சொல்வோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.

லென்ஸின் பொருளில் நான்கைந்து வகை உண்டு. மலிவானவற்றில் பெரும்பாலும் டிஏசி என்கிற அடுக்குத் தாள் லென்ஸ்; நடுவில் தளவிளைவுப் படலம், இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் அடுக்குகள். தளவிளைவில் அது குறைந்ததன்று, வாங்கிய அன்று நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஈரமும் சூடும் ஓரத்தின் வழியாக உள்ளே போய், ஓராண்டுக்குள் கொப்புளம் விடத் தொடங்கும். கண்ணாடி லென்ஸில் எளிதில் கீறல் விழாது, காட்சி மிகத் தெளிவு. கனமும் உடையும் அபாயமும் கூடவே வரும். சிஆர்-39 பிளாஸ்டிக்கின் காட்சித் தெளிவு கண்ணாடிக்கு அருகில் நிற்கும், ஒளியை நிறங்களாகச் சிதறவிடாத தன்மையைக் குறிக்கும் ஆபே எண் அதற்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30தான். அப்படியிருந்தும் உங்களுக்குப் பாலிகார்பனேட்டையோ நைலானையோ சொல்வதற்குக் காரணம், சிக்கிய தூண்டிலை இழுக்கும்போது நரம்பு அறுந்து ஈயக்குண்டு முகத்துக்கே திரும்பி வருவது தூண்டில்காரர்களுக்குப் பழகிய விபத்து என்பதே. அந்த அடியில் சிதறாத லென்ஸ் வேண்டும். கீறல் தடுப்புப் பூச்சு இல்லாத பாலிகார்பனேட்டை மட்டும் வாங்காதீர்கள்.

இப்போது அச்சுக்கு வருகிறேன். படலம் படுக்கைவாட்டு ஒளியை விழுங்க வேண்டுமானால், அது ஃபிரேமில் சரியான மட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். 10 பாகை சாய்ந்திருந்தால் தடுக்க வேண்டிய கண்கூச்சத்தில் 3 விழுக்காடு கசிந்து வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 20 பாகையில் 12 விழுக்காடு, 30 பாகையில் கால்வாசி. இதைவிடத் தொல்லையானது, ஒரு லென்ஸ் நேராகவும் மற்றது சாய்வாகவும் இருப்பது. ஒரு கண்ணுக்குத் தண்ணீரின் அடி தெரியும், மறு கண்ணுக்கு மேற்பரப்பின் மினுக்கம் தெரியும். இரண்டையும் ஒட்டவைக்க மூளை போராடி, அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கும். ‘போலரைஸ்டு போட்டாலே தலைவலிங்க’ என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களின் கண்ணாடியை வாங்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்தக் குறைதான். எங்களிடம் வரும் போலரைஸ்டு லென்ஸ் வட்டுகளின் ஓரத்தில் அச்சைக் காட்டும் இரண்டு குறிகள் இருக்கும். அந்தக் குறிகளை மட்டம் பிடித்துத் தேய்ப்பதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். மலிவு விலைக்கு ஆயிரக்கணக்கில் வெட்டி அடைக்கும் இடத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. முழு வட்ட ஃபிரேமில் லென்ஸ் தளர்ந்தால் தானாகவே சுழன்றுவிடும் என்பதால், அந்த வடிவத்தைப் போலரைஸ்டில் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கடையில் சோதிப்பது எளிது. பளபளக்கும் கவுண்டர் கண்ணாடியின் மேல் டியூப் லைட்டின் பிரதிபலிப்பு விழும் இடத்தைத் தேர்ந்துகொண்டு, கூலிங் கிளாஸை அணிந்து, ஓரளவு சாய்வாகப் பாருங்கள். தலை நேராக இருக்கும்போது பிரதிபலிப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். இடப்பக்கம் சாய்த்தாலும் வலப்பக்கம் சாய்த்தாலும் ஒரே அளவில் கூட வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூடி மறு கண்ணாலும், மாற்றி மூடியும் இதையே செய்யுங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே நிலையில் பிரதிபலிப்பு அடங்கினால் அச்சு சரி. அடுத்து கண்ணாடியைக் கழற்றிக் கைநீட்டிப் பிடித்து, கதவுச் சட்டத்தையோ சன்னல் கம்பியையோ லென்ஸின் வழியாகப் பார்த்தபடி மெதுவாக அசையுங்கள். நேர்க்கம்பி நெளிந்தால், அது எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடியோடு வரும் அட்டையில் மறைந்திருக்கும் மீனோ காரோ தெரிவது, உள்ளே ஒரு படலம் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும், தரத்தைக் காட்டாது. கைப்பேசித் திரையை வைத்துச் சோதிப்பதும் அப்படியே. சில திரைகளில் மாற்றமே தெரியாது என்பதால் கவுண்டர் கண்ணாடியே நம்பகமானது. ரேபான் போலரைஸ்டு லென்ஸில் பெயரை ஒட்டி ‘பி’ என்ற எழுத்து இருக்கும், ஆனால் போலியிலும் அந்த எழுத்தைப் போடத் தெரியாமலில்லை.

ஃபிரேம் கனமில்லாமல், வியர்வையில் மூக்கிலிருந்து நழுவாமல் இருக்க வேண்டும். தலையைக் குனிந்து நான்கைந்து முறை உதறிப் பாருங்கள். பக்கவாட்டு வெயில் நுழையாத வளைந்த வடிவம் ஆற்றங்கரைக்கு அவசியம், ஆனால் காதுக்கம்பி மிக அகலமாக இருந்தால் காரில் பக்கத்துக் கண்ணாடியைப் பார்ப்பதை மறைக்கும். ஹெல்மெட்டுக்குள் செல்லவும் செல்லாது. பின்கழுத்தில் கோத்துக்கொள்ளும் ஒரு கயிறு ஐம்பது ரூபாய்தான், காவிரியில் விழுந்த கண்ணாடி எதுவும் திரும்பி வந்ததில்லை.

பவர் உள்ளவர்கள் கண்பரிசோதனைச் சீட்டோடு போய், போலரைஸ்டு பவர் லென்ஸாகவே போட்டுக்கொள்வது நல்லது, மேலே கவ்வி மாட்டும் வகையில் அச்சு அடிக்கடி விலகும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் முள்ளில் நரம்பு கோக்கப் படும் பாடு எனக்குத் தெரியும். கீழ்ப்பகுதியில் படிக்கும் பவர் வைத்த போலரைஸ்டு லென்ஸும் செய்து தருகிறார்கள். வெயிலில் தானே கறுக்கும் லென்ஸைக் காருக்கென்று வாங்க வேண்டாம். அது கறுப்பதற்குப் புற ஊதாக் கதிர் தேவை, காரின் முன்கண்ணாடி அதை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுவதால் உள்ளே உட்கார்ந்தால் சரியாகக் கறுக்காது.

விலையைப் பற்றிய என் கணிப்பு இது. ஆயிரம் ரூபாய்க்குக் கீழே வாங்கினால், மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பத்தில் நல்லதொன்றைப் பொறுக்கி எடுக்கலாம். ஓராண்டு உழைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாயிரத்திலிருந்து ஐந்தாயிரத்துக்குள் டைட்டன், ஃபாஸ்ட்ராக், டெக்கத்லான் போன்றவற்றில் கிடைக்கும் கண்ணாடி உங்கள் இரண்டு தேவைக்கும் தாராளமாகப் போதும். பத்தாயிரத்துக்கு மேல் போனால் லென்ஸின் தெளிவு, உட்புறப் பூச்சு, கீல் ஆகியவை இன்னும் கொஞ்சம் மேம்படுவது உண்மை, ஆனால் கொடுத்த கூடுதல் காசின் பெரும்பகுதி பெயருக்குப் போகிறது. என்னைக் கேட்டால் அந்த மிச்சப் பணத்தில் நல்ல தூண்டில் ரீல் ஒன்றை வாங்குவேன்.

வாங்கிய பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டுதான். கோடையில் 40 பாகையைத் தாண்டும் ஈரோடு, கரூர்ப் பக்கத்து வெயிலில், மூடிய காருக்குள் டேஷ்போர்டு தொட்டால் சுடும் நிலைக்குப் போகும்; அங்கே நாள்தோறும் கிடந்தால் படலம் பிரிந்து, ஓரத்தில் எண்ணெய் படிந்ததுபோல் நிறம் கலங்கும். வேட்டி முனையில் துடைப்பதும் அடுத்த பெரிய குற்றம், துணியில் உள்ள மண்துகள் பூச்சைச் சுரண்டிவிடும். தண்ணீரில் அலசி, ஒரு துளி சோப்புநீர் தொட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சாயங்காலக் கொசுவுக்குக் களிம்பு பூசிய கையோடு லென்ஸைத் தொடாதீர்கள், அவற்றில் சிலவற்றில் உள்ள மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

கிராமத்துக் கரைகளில் இதைப் போட்டுக்கொண்டு நின்றால் ‘கண்ணு ஆப்பரேசனுங்களா?’ என்று யாராவது ஒருவர் அக்கறையோடு விசாரிப்பார், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொடுப்பார்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த வாரத்துக்குள் ஒரு நாள் காலையும் மாலையும் வேலைக்குப் போட்டுப் போய்வாருங்கள். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். நெற்றிப்பொட்டு வலித்தால் திங்கட்கிழமையே கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.